ஊர் பூட்டியிருக்கு, தெரு திறந்திருக்கு: வியன்னாவுக்குப் புதுசா வந்த தங்கைக்கு

பொங்கல் முடிஞ்ச கையோட பெட்டியைக் கட்டிக்கிட்டு வியன்னாவுக்கு வந்திருக்கே. வேலைக்கோ, படிப்புக்கோ, கல்யாணம் ஆகியோ, எதுக்கா இருந்தாலும் வந்த நேரம் இப்படி: 2021 ஜனவரி, ஆஸ்திரியாவோட மூணாவது கொரோனா லாக்டவுன். டிசம்பர் 26-ல இறங்கின ஷட்டர் இன்னும் ஏறலை. ஓட்டல், காபி ஹவுஸ் எல்லாம் நவம்பர்லேர்ந்தே பார்சல் மட்டும்தான். மியூசியம், ஓபரா எல்லாம் மூடல். நான் கீழே சொல்ற விதியும் விலையும் இந்த 2021 ஜனவரிக்கானதுதான்.

"ஊரையே பார்க்க முடியாதா அக்கா?"ன்னு கேட்கிற எல்லாருக்கும் நான் சொல்ற பதில் ஒண்ணுதான். பார்க்கலாம். தாராளமா பார்க்கலாம். பிளேக், காலரா, காசநோய், ஸ்பானிஷ் ஃப்ளூன்னு ஒவ்வொண்ணா வந்து போன ஊர் இது. பல தடவை நோய்க்குப் பிறகு தன்னையே மாத்திக் கட்டிக்கிட்ட ஊர். அந்தக் கதை மியூசியத்துக்குள்ள இல்லை, தெருவுல நிக்குது. டிக்கெட் வேண்டாம். வீட்டை விட்டு வெளியே வர சட்டம் அனுமதிச்சிருக்கிற காரணங்கள்ல உடம்புக்கும் மனசுக்கும் தெம்பு தேடி வெளியே நடக்கிறது ஒண்ணு. அந்த அனுமதியை வீணாக்காதே. ஆனா செருப்பை மாட்டறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள முடிக்க வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கு.

முதல்ல காகிதம்

வந்ததும் பத்து நாள் குவாரன்டைன். அஞ்சாவது நாள் டெஸ்ட் எடுத்து நெகட்டிவ்னா அத்தோட வெளியே வந்துடலாம். ஜனவரி 15-லேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல பதிவு பண்ணிட்டுத்தான் வரணும். அந்தப் பதிவோட காகிதத்தைத் தூக்கிப் போட்டுடாதே, பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட்டோட வை.

அடுத்தது மெல்டெட்ஸெட்டல், குடியிருப்புப் பதிவு. வீட்டுக்குள்ள குடி புகுந்த மூணு நாளைக்குள்ள செய்யணும்கிறது சட்டம். ஒரு பக்க ஃபாரம்தான். வீட்டுக்காரரோட கையெழுத்து வேணும், அதனால சாவி வாங்கும்போதே கையெழுத்தையும் வாங்கிடு. பிறகு அவரைத் துரத்திக்கிட்டு அலையாதே. குவாரன்டைன்ல இருந்தா நேர்ல போக வேண்டாம், தபால்லயோ மெயில்லயோ அனுப்பலாம். பேங்க் கணக்கு, சிம் கார்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், எல்லாத்துக்கும் இந்தத் துண்டுக் காகிதத்தைத்தான் கேட்பாங்க. போன்ல ஒரு படம், மெயில்ல ஒரு காப்பி, கையில ஒரிஜினல்னு மூணு இடத்துல வெச்சுக்கோ.

வேலைக்கு வந்தவங்களுக்கு ஈ-கார்டு, அதாவது மருத்துவக் காப்பீட்டு அட்டை, வீட்டுக்கே தபால்ல வரும். அதனால தபால் பெட்டியில உன் பேரை முதல் நாளே ஒட்டிடு. பேர் இல்லாத பெட்டிக்கு வந்த கடிதம் திரும்பிப் போயிடும், நீ இங்கே வாரக்கணக்கா காத்துக்கிட்டு இருப்பே.

மாஸ்க்கும் டாக்டரும்

துணி மாஸ்க் அரை டஜன் தைச்சு எடுத்துட்டு வந்திருப்பே. அதை வீட்டுக்குள்ளயே வை. ஜனவரி 25-லேர்ந்து கடையிலயும் டிராம், பஸ், யு-பான்கிற மெட்ரோ ரயில்லயும் எஃப்எஃப்பி2 மாஸ்க்தான், அடுத்தவங்களுக்கும் உனக்கும் நடுவுல ரெண்டு மீட்டர் இடைவெளி. சூப்பர் மார்க்கெட்ல ஒண்ணு 59 சென்ட். ஏழு மாஸ்க் வாங்கு. வாசல்கிட்ட ஏழு கொக்கி ஒட்டி, ஒவ்வொண்ணுக்கு மேலயும் கிழமையை எழுது. திங்கள்கிழமை போட்டதைத் திங்கள் கொக்கியிலேயே மாட்டிடு, அடுத்த திங்கள் வரை காத்தாட காயட்டும். நனைஞ்சாலோ, கசங்கினாலோ, எலாஸ்டிக் தளர்ந்தாலோ தூக்கிப் போடு. எடுக்கும்போது காது எலாஸ்டிக்கைப் பிடிச்சு எடு, முன்பக்கத்தைத் தொடாதே. மூக்குக்கு மேல இருக்கிற கம்பியை ரெண்டு விரலால அழுத்தி வளைச்சுக்கோ. கண்ணாடி போடறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஆவி படியாது.

காய்ச்சல், இருமல், வாசனை தெரியலைன்னா நேரா டாக்டர் கிளினிக்குக்குப் போய் உட்காரக் கூடாது. 1450-க்குப் போன் பண்ணு. உயிருக்கு ஆபத்துன்னா 144. ராத்திரியிலயோ வார இறுதியிலயோ டாக்டர் வேணும்னா 141. சாதாரண நோவுக்கு உன் ஹவுஸ் டாக்டருக்கு போன் பண்ணினாலே போதும். மருந்துச் சீட்டை அவரே மருந்துக்கடைக்கு அனுப்பிடுவார், வேலைக்கான லீவ் சீட்டும் போன்லயே கிடைக்கும். கொரோனா வந்த பிறகு கிடைச்ச வசதி இது. வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற டாக்டரை நல்லா இருக்கும்போதே தேடி வெச்சுடு. நூத்தி ரெண்டு டிகிரி ஜுரத்தோட ஜெர்மன் வெப்சைட்டைப் படிச்சுக்கிட்டு இருக்க முடியாது.

சமையலுக்கு ரெண்டே வார்த்தை

இட்லி அரிசி, உளுந்து, புளி, நல்லெண்ணெய் எல்லாம் ஏழாவது வட்டாரத்துல வீம்பெர்கர்காஸேவுல இருக்கிற புரோஸி கடையில கிடைக்கும். மளிகைக்கடைகளை இந்த லாக்டவுன்ல சாயந்திரம் ஏழு மணிக்கே மூடறாங்க, ஞாயித்துக்கிழமை கிடையவே கிடையாது. தவறிப் போனா ப்ராட்டர்ஷ்டெர்ன் மாதிரி பெரிய ரயில் நிலையத்துல ஞாயிறு திறந்திருக்கிற சூப்பர் மார்க்கெட் உண்டு, ஆனா கூட்டம் அள்ளும். சனிக்கிழமை காலையிலயே முடிச்சுடு. மாவு புளிக்கலைன்னு அழாதே. ஓவன்ல சூடு வைக்காம லைட்டை மட்டும் போட்டு, பாத்திரத்தை உள்ளே வெச்சு ராத்திரி பூரா விட்டுடு. காலையில பொங்கி நிக்கும்.

பாட்டில் தண்ணி வாங்காதே. ஏன்னு கொஞ்சம் கீழே சொல்றேன்.

வெளிச்சம்தான் மருந்து

இங்கே ஜனவரி கடைசியில சூரியன் ஏழரைக்கு எழுந்து, சாயந்திரம் நாலே முக்காலுக்கு மறைஞ்சுடும். அதுலயும் பாதி நாள் மேகம். வீட்ல இருந்தே வேலை பார்க்கிறவங்க காலையில லேப்டாப்பைத் திறந்து நிமிர்ந்து பார்த்தா வெளியே இருட்டா இருக்கும். ஒரு வாரம் இப்படி ஓடினா தூக்கம் கெடும், பசி கெடும், காரணமே இல்லாம அழுகை வரும். நம்ம ஊர்ல வெயிலுக்கு ஒதுங்கித்தான் பழக்கம், வெயிலைத் தேடிப் போகத் தெரியாது. இங்கே தேடித்தான் போகணும்.

என் பேச்சைக் கேளு. மதியம் பன்னண்டரைக்கு வேலையை நிறுத்திட்டு வெளியே வந்துடு. அப்ப நம்ம ஊர்ல மணி அஞ்சு. அம்மா காபி டம்ளரோட திண்ணைக்கு வர்ற நேரம். ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு அவங்களோட பேசிக்கிட்டே முக்கால் மணி நேரம் நட. உனக்கு வெளிச்சமும் ஆச்சு, அவங்களுக்கு உன் குரலும் ஆச்சு. டிராம் மணிச் சத்தம், காக்கா சத்தம் எல்லாம் அவங்களுக்கும் கேட்கும். நீ எங்கேயோ கண்காணாத இடத்துல மாட்டிக்கிட்டு இருக்கிறதா நினைச்சுக் கவலைப்படறது குறையும். ரத்தப் பரிசோதனை செய்யும்போது வைட்டமின் டி-யும் பார்க்கச் சொல்லு. மாத்திரை தேவையான்னு டாக்டர் சொல்வார், நீயா வாங்கிப் போட்டுக்காதே.

உடுப்பு: ஒரே ஒரு தடி ஸ்வெட்டரை நம்பாதே. வெங்காயம் மாதிரி தோல் தோலாப் போடு, சூடு ஏறினா ஒண்ணு ஒண்ணா உரிச்சுக்கலாம். பணம் கொஞ்சமா இருந்தா ஷூவுக்குச் செலவு பண்ணு, கோட்டுக்கு அப்புறம். ஐஸ் பிடிக்காம இருக்க நடைபாதையில சின்னச் சின்ன ஜல்லி தூவியிருப்பாங்க, மெல்லிசான அடிப்பாகம் இருக்கிற ஷூன்னா ஒவ்வொரு கல்லும் குத்தும். பனி பெய்ஞ்ச மறுநாள் சில வீட்டுச் சுவர்ல நீளமா ஒரு மரச்சட்டத்தை நடைபாதைக்குக் குறுக்கே சாய்ச்சு வெச்சிருப்பாங்க. யாரோ மறந்துட்டுப் போனதுன்னு நினைச்சு அதுக்கு அடியில போகாதே. கூரையிலேர்ந்து பனி சரிஞ்சு விழலாம்னு எச்சரிக்கை அது. எதிர் நடைபாதைக்கு மாறிடு.

இன்னொண்ணு, இதைப் பெண்கள்கிட்டே யாரும் வெளிப்படையாச் சொல்றதில்லை: காபி ஹவுஸ் மூடியிருக்கிறதால கழிவறைக்கு ஒதுங்க இடம் கிடையாது. பெரிய யு-பான் நிலையங்கள்லயும் பூங்காக்கள்லயும் பொதுக் கழிவறை உண்டு, பலதுல 50 சென்ட் காசு போடணும். சில்லறை வெச்சுக்கோ. நடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வரைபடத்துல அதைத்தான் முதல்ல பாரு. கழிவறைக்குப் பயந்து தண்ணி குடிக்காம நடக்கிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கேன், அது உடம்புக்குக் கேடு. பிளாஸ்க்ல சூடா ரசம் எடுத்துட்டுப் போ. பூஜ்யம் டிகிரியில மிளகு ரசத்துக்கு ஈடா ஒரு பானத்தை எனக்கு இந்த ஊர்ல யாரும் காட்டலை.

நோய் கட்டின ஊர்

இப்ப நான் ஆசையாச் சொல்ல வந்த விஷயம். ஒரு ஞாயித்துக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஷோட்டன்டோர் நிலையத்துல இறங்கு. அங்கேயிருந்து ஆல்ஸர் ஷ்ட்ராஸேவுல கொஞ்ச தூரம் நடந்தா பழைய பொது மருத்துவமனை. 1784-ல ரெண்டாம் யோசப் சக்கரவர்த்தி திறந்தது. இப்ப அது பல்கலைக்கழக வளாகம். முற்றம் முற்றமாப் போகும், இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவுல வெறும் பெஞ்சுதான் இருக்கும். அந்த இடத்துல நின்னு ஒரு விஷயத்தை நினைச்சுப் பாரு. நாம இன்னைக்கு நிமிஷத்துக்கொரு தரம் கை கழுவறோமே, அதை டாக்டர்களுக்குக் கத்துக்கொடுத்தவர் வேலை பார்த்த இடம் இதுதான்.

இக்னாட்ஸ் ஸெம்மல்வைஸ்னு ஹங்கேரிக்காரர். பிரசவ வார்டு ரெண்டு இருந்துச்சு. மருத்துவ மாணவர்கள் பார்த்த வார்டுல தாய்மார்கள் ஜன்னி கண்டு செத்துக்கிட்டே இருந்தாங்க, மருத்துவச்சிகள் பார்த்த வார்டுல சாவு ரொம்பக் கம்மி. ஏன்னு யாருக்கும் புரியலை. 1847-ல அவரோட நண்பர், கோல்லெட்ஷ்கான்னு ஒரு டாக்டர், பிணப் பரிசோதனை நடக்கும்போது மாணவனோட கத்தி கீறி இறந்துபோனார். அவர் உடம்புல தெரிஞ்சதும் அந்தத் தாய்மார்கள் உடம்புல தெரிஞ்சதும் ஒண்ணா இருந்துச்சு. பிணத்தை அறுத்த கையோட நேரா பிரசவத்துக்கு வர்ற மாணவர்கள்தான் அதைச் சுமந்துக்கிட்டு வர்றாங்கன்னு ஸெம்மல்வைஸ் கண்டுபிடிச்சார். அந்த மே மாசம், உள்ளே வர்றவங்க எல்லாரும் குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணியில கையைக் கழுவணும்னு உத்தரவு போட்டார். ஏப்ரல்ல நூறு தாய்க்குப் பதினெட்டுப் பேர் இறந்த வார்டு, ஜூன்ல நூத்துக்கு ரெண்டு ஆச்சு. அப்படியும் பெரிய டாக்டர்கள் பலர் ஒத்துக்கலை. எங்க கை அழுக்கான்னு கோபப்பட்டாங்க. 1865-ல, 47 வயசுல, ஒரு மனநலக் காப்பகத்துல அவர் உயிர் போச்சு. பிள்ளை பெத்த எந்தப் பொண்ணும் இந்த முற்றத்துல ஒரு நிமிஷம் நிக்கணும்னு எனக்குத் தோணும். அங்கேயே, கொஞ்சம் உள்ளே தள்ளி, வட்டமா ஒரு அஞ்சடுக்குக் கோபுரம் தெரியும். மனநோயாளிகளை அடைச்சு வெச்ச இடம் அது. வெளியே இருந்து பார்த்துட்டு வந்துடு.

அங்கேயிருந்து பழைய ஊருக்குள்ள நடந்து வந்தா கிராபென் தெரு. சாதாரண நாள்ல செல்ஃபி எடுக்கிறவங்களைத் தாண்டி அந்தத் தூண்கிட்டப் போகவே முடியாது. இப்ப நீயும் புறாவும்தான். 1679-ல பிளேக் வந்தப்போ முதலாம் லெயோபோல்ட் சக்கரவர்த்தி ஊரை விட்டுப் போயிட்டார். நோய் நின்னா தூண் எழுப்பறேன்னு நேர்ந்துக்கிட்டார், கல் தூண் 1693-ல முடிஞ்சுச்சு. தூணே மேகம் சுருண்டு சுருண்டு மேலே ஏறற மாதிரி இருக்கும். அவசரமா ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிடாதே, கீழ்ப்பக்கமா கண்ணைக் கொண்டு வா. முழங்கால் போட்டுக் கும்பிடற அரசர். அவருக்குக் கீழே, கையில தீப்பந்தம் பிடிச்ச ஒரு குட்டித் தேவதை. அதுக்குப் பக்கத்துல வத்திப்போன ஒரு கிழவி தலைகீழாச் சரிஞ்சு விழறா. அவதான் பிளேக். சிலுவை வெச்சிருக்கிற பெண், விசுவாசத்தோட உருவம், அவளைத் தள்ளறா. நம்ம ஊர் மாரியம்மன் கோயில்ல வளர்ந்தவளுக்கு இது சுலபமாப் புரியும். 2020 மார்ச்ல முதல் லாக்டவுன் வந்தப்போ, இந்தத் தூண் காலடியில ஜனங்க மெழுகுவர்த்தி ஏத்தி வெச்சாங்க, பிள்ளைங்க வரைஞ்ச படமும் வெச்சாங்க. முந்நூறு வருஷத்துக்கு அப்புறமும் அதே இடத்துக்குத்தான் வரத் தோணியிருக்கு.

கால் வலிக்கலைன்னா கேர்ன்ட்னர் ஷ்ட்ராஸே வழியா கார்ல்ஸ்கிர்ஹே வரை போ. பச்சைக் குவிமாடம், முன்னால ரெண்டு பெரிய தூண் இருக்கிற தேவாலயம். 1713-ல திரும்பவும் பிளேக் வந்தப்போ ஆறாம் கார்ல் நேர்ந்துக்கிட்டுக் கட்டினது. மிலான்ல பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செஞ்ச சார்லஸ் பொரோமியோங்கிற புனிதருக்குன்னு கட்டினது. அவர் கதைதான் அந்த ரெண்டு தூண்லயும் சுத்திச் சுத்திச் செதுக்கியிருக்கு.

அதுக்குப் பக்கத்துலயே ஷ்வார்ட்ஸென்பெர்க் சதுக்கத்துல பெரிய நீரூற்று ஒண்ணு உண்டு. குளிர்காலத்துல நிறுத்தி வெச்சிருப்பாங்க, வெறும் தொட்டிதான் தெரியும். பரவாயில்லை, போய்ப் பாரு. பாட்டில் தண்ணி வாங்காதேன்னு சொன்னேனே, காரணம் இங்கே இருக்கு. ஊர்க் கிணத்துத் தண்ணியால டைஃபாய்டும் காலராவும் மாறி மாறி வந்துச்சு. எடுவார்ட் ஸூஸ்னு ஒரு புவியியல் அறிஞர் விடாம வாதாடி, ஆல்ப்ஸ் மலையிலேர்ந்து ஏறக்குறைய 95 கிலோமீட்டர் தூரம் ஊத்துத் தண்ணியைக் கொண்டு வர வெச்சார். பம்பே கிடையாது, சரிவுலயே இறங்கி வரும். 1873 அக்டோபர்ல இந்த நீரூற்றைத் திறந்து அதைக் கொண்டாடினாங்க. அதே வருஷம்தான் இங்கே உலகக் கண்காட்சி நடந்துச்சு, அதே வருஷம்தான் காலராவும் வந்துச்சு. 1910-ல ரெண்டாவது குழாய் வந்தது. உன் சமையலறைக் குழாயைத் திறந்தா வர்றது அந்த மலைத் தண்ணி. ஃபில்டர் காபிக்கு அருமையா இருக்கும்.

இந்த நடைக்கு ரெண்டரை மணி நேரம் ஆகும். இன்னொரு நாளைக்கு ஹைலிகென்ஷ்டாட்டுக்குப் போ, யு4 கடைசி நிலையம். வெளியே வந்தா எதிர்ல நிக்கிறது கார்ல் மார்க்ஸ் ஹோஃப். ஒரு கிலோமீட்டருக்கு மேல நீண்டுக்கிட்டே போற குடியிருப்பு, 1,382 வீடு, 1927-ல ஆரம்பிச்சு 1930-ல முடிச்சது. காசநோய்க்கு அந்தக் காலத்துல 'வியன்னா நோய்'னே பேர். ஜன்னல் இல்லாத ஒத்தை அறையில பத்துப் பேர் படுத்தா நோய் போகாதுன்னு புரிஞ்சுக்கிட்ட நகராட்சி, வெளிச்சமும் காத்தும் வர்ற வீடு கட்டி ஏழைகளுக்குக் கொடுத்துச்சு. யூலியுஸ் டாண்ட்லர்னு ஒரு டாக்டர் அப்ப நகராட்சியோட சுகாதாரப் பொறுப்புல இருந்தார். அந்த இடத்துல கட்டடம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் புல்வெளி. துணி துவைக்கிற கூடம், குழந்தைகள் பள்ளி, மருத்துவம் எல்லாம் உள்ளேயே. பெரிய வளைவுகளுக்குள்ள புகுந்து முற்றத்துக்குப் போ, யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா அது ஜனங்க குடியிருக்கிற வீடு, ஜன்னலுக்கு நேரா கேமராவைப் பிடிக்காதே.

ஸ்பானிஷ் ஃப்ளூவுக்கு நினைவிடம்னு தேடினா, ஓபர் ஸாங்க்ட் ஃபைட் கல்லறையில ஓவியர் ஏகோன் ஷீலேவோட சமாதி இருக்கு. 1918 அக்டோபர் 28-ல ஆறு மாசக் கர்ப்பிணியா அவர் மனைவி ஏடித் போனாங்க, 31-ல அவர். அவருக்கு வயசு 28. நம்ம ஊர்ப் பழக்கத்துக்கு மயானத்துக்கு உலாவப் போறதான்னு தயங்குவே. இங்கே கல்லறையில குழந்தை வண்டி தள்ளிக்கிட்டு நடப்பாங்க. 71-ம் நம்பர் டிராம்ல போனா வர்ற மத்திய மயானத்துல பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் எல்லாரும் பக்கம் பக்கமா இருக்காங்க, மரத்துக்குப் பின்னால மான் மேயும். மனசுக்கு ஒப்பலைன்னா போகாதே, கட்டாயம் ஒண்ணும் இல்லை.

உன் பேட்டை

டிராம் ஏறாமலே பார்க்க நிறைய உண்டு. ஏறணும்னா வருஷ பாஸ் உண்டு, 2021-ல அது 365 யூரோ, நாளைக்கு ஒரு யூரோ, ஊர் எல்லை வரை எல்லா வண்டியும் அதுல அடக்கம். கட்டாயம் வாங்கு, ஆனா காலை எட்டு மணிக் கூட்டத்துல ஏறாதே. கூட்டம் பயமா இருந்தா வீட்டைச் சுத்தியே நட. பின்கோடுல நடு ரெண்டு எண் வட்டாரத்தோட நம்பர்: 1070-ன்னா ஏழாவது, 1160-ன்னா பதினாறாவது. தெருப் பலகையிலயும் வட்டார நம்பர் முன்னால இருக்கும். அதனால எங்கே திரிஞ்சாலும் எந்த வட்டாரத்துல நிக்கிறேன்னு தெரியும். நகராட்சிக் குடியிருப்பு சுவர்ல பெரிய எழுத்துல எந்த வருஷம் கட்டினதுன்னு எழுதியிருக்கும், பெரும்பாலும் சிவப்பு எழுத்து. அதைப் படிச்சுப் படிச்சே எனக்கு ஜெர்மன்ல பாதி எண் மனப்பாடம் ஆச்சு.

மாடிப்படியில யாரைப் பார்த்தாலும் "க்ரூஸ் காட்" சொல்லு. மாஸ்க்குக்குப் பின்னால சிரிச்சா யாருக்குத் தெரியும், வாய் திறந்து சொல்லணும். தனியா இருக்கிற வயசானவங்க பலர் இந்தக் கட்டடங்கள்ல இருக்காங்க. "கடைக்குப் போறேன், ஏதாவது வேணுமா?"ன்னு ஒரு சீட்டு எழுதி, உன் பேரையும் போன் நம்பரையும் போட்டு லிஃப்ட்கிட்டே ஒட்டு. என் கீழ்வீட்டுப் பாட்டிக்குப் பால் வாங்கிக் கொடுக்கப் போய்த்தான் என் ஜெர்மன் வளர்ந்துச்சு, வகுப்புல இல்லை. ராத்திரி பத்துக்கு மேல மிக்ஸி போடாதே, ஞாயிறு அன்னைக்கு சுவர்ல ஆணி அடிக்காதே. அவ்வளவுதான், நல்ல பேர் வந்துடும்.

தனியா இருக்கிறவளுக்கு

இந்த லாக்டவுன் விதிப்படி நெருங்கின ஆள்னு வெளியே ஒருத்தரைப் பார்க்கலாம். அந்த ஒருத்தர் யாருன்னு யோசிச்சு முடிவு பண்ணு. உன்னோட நடக்கத் தயாரா இருக்கிறவளா இருக்கட்டும். வாரத்துல ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம்னு வெச்சுக்கோ. மழை பெய்ஞ்சாலும் போகணும். "அப்புறம் பார்க்கலாம்"னு விட்டா இந்தக் குளிர்ல யாரும் வீட்டை விட்டு வர மாட்டாங்க.

தூக்கம் வராத ராத்திரியில பேச ஆள் வேணும்னா 142, இருபத்திநாலு மணி நேரமும் இலவசம். கல்யாணம் பண்ணி வந்து, வீட்டுக்குள்ள கணவரோட அடைஞ்சு கிடக்கிற நேரத்துல கை நீளுதுன்னாலோ, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வெச்சிருந்தாலோ, போனைப் பார்க்கிறார்னாலோ பொறுத்துக்கோன்னு நான் சொல்ல மாட்டேன். 0800 222 555, பெண்களுக்கான உதவி எண். பேர் சொல்ல வேண்டாம், பணம் ஆகாது. அப்பவே ஆபத்துன்னா போலீஸ் 133. இந்த எண்களை மனப்பாடம் பண்ணு, போன்ல பேர் போட்டுச் சேமிக்காதே. நீயே தப்பு பண்ணின மாதிரி ஊர்ல பேசுவாங்கன்னு பயப்படாதே. பேசட்டும். உன் உயிர் முக்கியம். மதிய நடையில அக்காவுக்கோ தோழிக்கோ ஒரு வார்த்தை சொல்லி வை, வெளியே ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்.

மலையும் ஆறும்

பனி கொஞ்சம் இளகினதும் டோனாவ் இன்ஸல். வெள்ளம் தடுக்க டோனாவ் ஆத்துக்கு நடுவுல மனுஷன் கட்டின தீவு, 21 கிலோமீட்டர் நீளம். யு1-லயோ யு6-லயோ போய் இறங்கலாம். காத்து முகத்துல அறையும், காதை மூடிக்கோ. குழந்தை வண்டி தள்ளறவங்களுக்குச் சமதளம் இதுதான்.

ஏறி இறங்கத் தெம்பு இருக்கிறவங்களுக்கு நகராட்சியே குறிச்சு வெச்சிருக்கிற நடைப்பாதைகள் உண்டு. ஒண்ணாம் நம்பர்ல ஆரம்பி. டி டிராம்ல கடைசி வரை, நுஸ்டார்ஃப். அங்கேயிருந்து ஓடைக்கரையோரமா, திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல ஏறி காலன்பெர்க் உச்சி. சுத்தி வந்தா சுமார் 11 கிலோமீட்டர், மூணுலேர்ந்து நாலு மணி நேரம். மேலே நின்னா ஆறும் ஊரும் மொத்தமாத் தெரியும். நீ நடந்த தெருவை எல்லாம் அடையாளம் கண்டுபிடிக்கலாம். காலை பத்துக்குள்ள கிளம்பு, மூணரைக்குள்ள இறங்கிடு, காட்டுக்குள்ள சீக்கிரம் இருட்டும். பாதையில போற வழியில சாப்பாட்டுக் கடை எதுவும் உட்கார விடாது, அதனால புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்கோ. இறங்க முடியலைன்னா உச்சியிலேர்ந்து 38ஏ பஸ் ஹைலிகென்ஷ்டாட்டுக்கு வரும், வருஷ பாஸே செல்லும். ஏறறதுக்கு முன்னாடி மாஸ்க்கை மாட்டணும், நனையாத மாஸ்க் ஒண்ணு தனியா உறையில வெச்சுக்கோ.